படகு இழுத்த மாப்பிள்ளை

குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடருக்கு அறுபத்திரண்டு. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அவர்கள் இருவரும் நடுக்கடலில் இருந்ததால் அந்தச் சிரிப்பு அவர்கள் காதில் விழவில்லை.

குருவின் பெயர் ஜெசிந்தா மச்சாது. தூத்துக்குடிக்காரர். அப்பா தோணித் தண்டல். சரக்குத் தோணியை நடத்திப் போகிறவரை அங்கே தண்டல் என்பார்கள். ஜெசிந்தா 'கொண்டல்' என்ற முப்பத்தாறு அடி பாய்மரப் படகை வைத்துக்கொண்டு இந்துமாக்கடலை நான்கு முறை கடந்திருந்தார். அதிகம் பேசமாட்டார். பேசினால் எதிரில் இருப்பவருக்குக் கொஞ்சம் உறைக்கும்.

சீடர் நஞ்சுண்டன், கோயமுத்தூர்ப் பக்கம். மலை மேல் ஒரு நீர்மின் நிலையத்தில் முப்பத்துநான்கு வருடம் பொறியாளராக இருந்தவர். அணை நிரம்பித் தண்ணீர் மதகு வழியாகச் சும்மா வழிந்து போகிற நாட்களில் வீட்டில் யாரோடும் பேசமாட்டாராம். அத்தனையும் மின்சாரம், பள்ளத்தில் போகிறதே என்ற வயிற்றெரிச்சல். ஓய்வு பெற்றதும் நேரே கடலுக்கு வந்துவிட்டார். ஏன் கடல் என்று கேட்டவர்களுக்கு, "இத்தனை தண்ணிய நான் வேற எங்கீங்க பாக்கறது?" என்று பதில் சொன்னார்.

குருவை அவர் அம்மிணி என்றுதான் கூப்பிட்டார், வயது அப்படி. கூடவே ஒரு 'ங்க' போட்டுக்கொண்டார், மரியாதை அப்படி. குரு அவரை அண்ணாச்சி என்றார்.

தூத்துக்குடியிலிருந்து சேஷெல்ஸ் தீவுகளுக்கு ஆயிரத்து அறுநூறு கடல் மைல். படகில் இவர்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேரும் தூங்க வேண்டுமென்றால் படகு தன் திசையைத் தானே பிடித்துக்கொண்டு போகவேண்டும். அதற்குச் சுக்கானில் ஒரு மின்கருவி பூட்டியிருந்தார்கள். அது உழைப்பாளி, ஆனால் நன்றாகச் சாப்பிடும். நான்கு ஆம்பியர் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும்.

அந்தச் சாப்பாட்டுக்கு நஞ்சுண்டன் ஒரு வழி செய்திருந்தார். படகின் பின்பக்கக் கம்பியில் ஒரு டைனமோ. அதிலிருந்து முப்பது மீட்டர் கயிறு கடலுக்குள் போகும். கயிற்றின் நுனியில் ஓர் இரும்புத் தண்டு, தண்டில் இரண்டு பித்தளை இறக்கைகள். படகு ஓட ஓட அந்தச் சுழலி தண்ணீருக்குள் சுற்றும். கூடவே கயிறு சுற்றும், கயிறு டைனமோவைச் சுற்றும், மின்சாரம் பேட்டரிக்கு வரும். இறக்கைகளை அவரே வரைந்து, ஒரு லேத்துப் பட்டறையில் கூடவே நின்று கடைந்து வாங்கினார். மகள் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு அலையவில்லை என்று அவரே சொன்னார்.

ஜெசிந்தா அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார்.

"ஏனுங்க அந்தப் பேரு?"

"நோகாம பின்னால வருது. இழுத்துட்டுப் போறது நாமதான."

நஞ்சுண்டனுக்கு லேசாகக் கோபம் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

முதல் எட்டு நாள் காற்று அள்ளி வீசியது. படகு சில நேரம் மணிக்கு ஆறு மைல்கூட ஓடியது. மாப்பிள்ளை ஒன்பது ஆம்பியர் கொடுத்தது. பேட்டரி நிரம்பி நின்றது. நஞ்சுண்டன் அளவுமானியின் முன்னாலேயே குடியிருந்தார். எண் ஏறும்போதெல்லாம் குருவுக்குக் குரல் கொடுப்பார்.

"ஒம்பதரைங்க அம்மிணி!"

"பேட்டரி நெறைஞ்சிட்டுல்லா? மேல தூக்கிருங்க, அண்ணாச்சி."

"ஓடற தண்ணிய சும்மா உடறதுங்களா?"

ஜெசிந்தா அடுப்பில் கிடந்த டீயைப் பார்க்கப் போய்விட்டார். சுழலி கடலிலேயே கிடந்தது.

ஒன்பதாம் நாள் காலை. ஒரு பெரிய அலை படகைப் பக்கவாட்டில் தூக்கிப் போட்டது. படி இறங்கிக்கொண்டிருந்த ஜெசிந்தா கீழே விழுந்தார். வலது மணிக்கட்டு உடலுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. சத்தம் மேலே சுக்கானடியில் இருந்த நஞ்சுண்டனுக்கே கேட்டது.

ஒரு மரச்சட்டத்தை வைத்துத் துணியால் கட்டினார்கள். செயற்கைக்கோள் கருவியில் ஒரு டாக்டருக்குப் படம் அனுப்பினார்கள். பதில் மதியம் வந்தது. எலும்பு முறிந்து விலகியிருக்கிறது. ஏழு நாளுக்குள் கரைக்கு வந்தால் சரியாகச் சேர்த்துவிடலாம். அதற்கு மேல் போனால் கோணலாகக் கூடிவிடும். அப்புறம் அந்தக் கை மடங்காது, கயிறு பிடிக்காது.

நஞ்சுண்டன் அதை இரண்டு முறை வாசித்தார். கயிறு பிடிக்காத கையை வைத்துக்கொண்டு இந்தப் பெண் என்ன செய்வார் என்று நினைத்தார்.

"எத்தனை மைல் இருக்கு?" என்று ஜெசிந்தா கேட்டார்.

"எழுநூறுங்க."

"அப்ப நாளைக்கு நூறு மைல். ஓடிரலாம்."

இன்ஜினைப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றது. டீசல் தொட்டிக்குள் கடல்நீர் இறங்கியிருந்தது. கூரையில் ஒரு சோலார் தகடு உண்டு. அது விளக்குக்கும் செயற்கைக்கோள் கருவிக்கும் சரியாகப் போய்விடும். கூப்பிடு தூரத்தில் கப்பல் எதுவும் இல்லை.

இனி பாய், சுக்கான் கருவி, மாப்பிள்ளை. அவ்வளவுதான்.

அன்று முழுக்கக் காற்று இருந்தது. மறுநாள் காலை இறங்கிவிட்டது. பாய் ஒரு தரம் புடைக்கும், ஒரு தரம் துவளும். படகு மூன்று மைலுக்கு வந்து, அதற்கும் கீழே போனது. பின்னால் மாப்பிள்ளை சோம்பலாகச் சுற்றியது. அரை ஆம்பியர். சில சமயம் அதுவும் இல்லை.

சுக்கான் கருவி மட்டும் தன் நான்கு ஆம்பியரை விடாமல் சாப்பிட்டது.

பேட்டரி எண்பது சதவீதம், அறுபத்தைந்து, ஐம்பது என்று இறங்கியது. பதினோராம் நாள் விடிந்தபோது முப்பத்தெட்டு. முந்தைய நாள் முழுவதும் ஓடியது அறுபத்தாறே மைல்.

நஞ்சுண்டன் கணக்குப் போட்டார். வாழ்நாள் முழுக்கக் கணக்குப் போட்டவர். இன்னும் பதினைந்து மணி நேரத்தில் பேட்டரி காலி. அப்புறம் சுக்கானைக் கையால் பிடிக்கவேண்டும், இரவும் பகலும், ஐந்து நாள், ஆறு நாள். அம்மிணியால் ஒரு மணி நேரத்துக்கு மேல் முடியாது. வீங்கிய கையைத் தொங்கவிட்டால் கண் இருட்டிவிடுகிறது. இவருக்கோ அறுபத்திரண்டு. எங்காவது ஓர் இடத்தில் தூங்கிவிடுவார். தூங்கினால் படகு தன் இஷ்டத்துக்குத் திரும்பும், பாய் அடித்துக் கிழியும். அப்புறம் ஏழு நாளாவது எட்டு நாளாவது.

அவருக்குப் பயம் வந்துவிட்டது. பயத்தோடு குருவிடம் போனார்.

"ஏனுங்க அம்மிணி, தண்ணியிலிருந்து இன்னும் அதிகமா எப்படிங்க எடுக்கறது?"

ஜெசிந்தா சுக்கானடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. இடது கையால் பக்கத்தில் கிடந்த வாளியை எடுத்தார். அதன் கயிற்றை நஞ்சுண்டன் கையில் கொடுத்தார். வாளியைப் படகுக்குப் பின்னால் கடலில் போட்டார்.

வாளி வாய் திறந்து தண்ணீரைக் கவ்வியது. கயிறு விர்ரென்று நீண்டது. நஞ்சுண்டன் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு பிடித்தார். தோள் இரண்டும் பிய்ந்துவிடும்போல இருந்தது.

"கனக்கா?"

"கனக்குதுங்க!"

"யாரு இழுக்கா? கடலா, நீங்களா?"

"நானுங்க... படகுங்க."

"உங்க அணையில யாரு இழுத்தா?"

நஞ்சுண்டன் அணையை நினைத்துப் பார்த்தார். அணையில் யாரும் இழுக்கவில்லை. மேலேயிருந்த தண்ணீர் கீழே விழுந்தது, அவர் நடுவில் சக்கரத்தை வைத்தார். இங்கே தண்ணீர் அது பாட்டுக்குக் கிடக்கிறது.

"வாளிய எடுத்துருங்க" என்றார் ஜெசிந்தா. "மாப்பிள்ளையையும் எடுத்துருங்க."

"எடுத்துப்போட்டா மின்சாரம்?"

"இப்ப வருதா?"

"அரை ஆம்பியர் வருதுங்களே! அதுவும் போச்சுன்னா?"

"போகட்டும்."

நஞ்சுண்டனுக்கு அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிவிட்டது. "உங்க கைக்காகத்தானுங்க நான் இந்தப் பாடு படறேன்! சுக்கான் நின்னு போச்சுன்னா உங்க கை என்னங்க ஆகறது? சொல்லுங்க அம்மிணி!"

"என் கை எங்க இருக்கு, அண்ணாச்சி?"

"என்ன கேள்விங்க இது?"

"படகுல இருக்கு. படகு எங்க இருக்கு?"

நஞ்சுண்டன் சுற்றிப் பார்த்தார். நேற்றுப் பார்த்த அதே கடல் போலத்தான் இருந்தது.

ஜெசிந்தா செயற்கைக்கோள் கருவியை அவர் பக்கம் நகர்த்தினார். காலையில் வந்த வானிலைச் செய்தி அதில் இருந்தது. தென்மேற்கே முப்பத்தைந்து மைலில் ஒரு காற்றுப் பட்டை. இரவுக்குள் அது மேற்கே நகர்ந்துவிடும். அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாளைக்குக் காற்று இல்லை.

"இப்ப என்ன வேகம்?"

"ரெண்டே முக்காலுங்க."

"அது இல்லாட்டி?"

"மூணே கால் வருமுங்க. அரை மைல்தானுங்களே அம்மிணி..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். முப்பத்தைந்தை மூன்றே காலால் வகுத்தார். அப்புறம் இரண்டே முக்காலால் வகுத்தார். இப்போது காலை மணி ஆறு. ஒன்று சாயங்காலம் ஐந்து மணியில் முடிந்தது. மற்றது இருட்டின பிறகு.

"மாப்பிள்ளையை விருந்துக்குக் கூப்பிடலாம்" என்றார் ஜெசிந்தா. "பஞ்சத்துல கூடவே வச்சுக்கிட்டுத் திரிய முடியுமா?"

நஞ்சுண்டன் எழுந்து பின்பக்கம் ஓடினார்.

அவசரத்தில் ஒரு தப்புச் செய்தார். சுற்றிக்கொண்டிருக்கிற கயிற்றை அப்படியே இழுத்தார். படகில் போகிறவர்கள் எல்லோரும் ஒரு தரமாவது செய்கிற தப்புத்தான். ஆனால் அவர் இழுக்க இழுக்கச் சுழலி தன் முறுக்கையெல்லாம் கயிற்றுக்குக் கொடுத்துக்கொண்டே வந்தது. பத்து மீட்டர் வருவதற்குள் கயிறு கையிலேயே சுருண்டது. சுருள் மேல் சுருள் ஏறியது. ஒரு வழியாகச் சுழலி படகுக்குள் வந்தபோது அவர் காலடியில் பெரிய இடியாப்பம் ஒன்று கிடந்தது. உள்ளங்கை இரண்டும் சிவந்து எரிந்தன.

உட்கார்ந்து பிரிக்கப் பார்த்தார். ஒரு சுருளைப் பிரித்தால் இரண்டு சுருள் விழுந்தது. கால் மணி ஆனது. அரை மணி ஆனது. கயிறு இப்படியே கிடந்தால் காற்று வந்தாலும் மாப்பிள்ளையை மறுபடி கடலில் விடமுடியாது. அவர் முகத்தில் வியர்வை வழிந்தது.

"அம்மிணி, கத்தி எங்கீங்க?"

"எதுக்கு?"

"அறுத்துத்தான் எடுக்கோணுமுங்க."

"அறுத்துட்டா சாயங்காலம் எதுல கட்டுவீய?"

நஞ்சுண்டனுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. அறுபத்திரண்டு வயதில் ஒரு கயிற்றை வைத்துக்கொண்டு அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

"டைனமோப் பக்கத்து முனை பூட்டியிருக்கா?"

"இருக்குதுங்க."

"கழட்டுங்க."

கழற்றினார்.

"கடல்ல போடுங்க."

"கடல்லயுங்களா?"

"ஆமா. முழுசையும்."

"கயிறு போயிருமுங்க அம்மிணி!"

"சுழலி எங்க இருக்கு?"

"என்ற மடியில இருக்குதுங்க."

"அது உங்க மடியில இருக்கு, கயிறு அதுல கட்டியிருக்கு. அப்ப என்ன போயிரும்?"

நஞ்சுண்டன் சுழலியை இறுக்கிக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையால் கயிற்று முனையைக் கடலில் போட்டார். போடுவதற்கு முன்னால் கை ஒரு கணம் திறக்க மறுத்தது. அதை அவர் பிற்பாடு ஒத்துக்கொண்டார்.

இடியாப்பம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் இறங்கியது. படகு ஊர்ந்தது. கயிறு பின்னால் நீண்டது. நுனியைப் பிடிக்க இப்போது ஒருவரும் இல்லை. அது தனியாகக் கிடந்து தலைகீழாகச் சுற்ற ஆரம்பித்தது. ஒரு சுருள் அவிழ்ந்தது. அப்புறம் இன்னொன்று. அரை மணி நேரம் அவர் மல்லுக்கட்டிய அத்தனை முடிச்சையும் கடல் ஐந்து நிமிடத்தில் பிரித்துப் போட்டது.

நஞ்சுண்டன் கயிற்றை உள்ளே இழுத்தார். துணி காயப்போடுகிற கொடிக்கயிறு மாதிரி சாதுவாக வந்தது. வட்டம் வட்டமாகச் சுற்றி வைத்தார்.

"இது உங்களுக்கு யாருங்க சொல்லிக் குடுத்தது?"

"ஒருத்தரும் இல்ல. நானும் கத்தியத்தான் தேடுனேன், மொத தடவை. கத்தி கைதவறிக் கடல்ல விழுந்துட்டு."

வேகம் மூன்றே கால் ஆகியிருந்தது.

ஜெசிந்தா சுக்கான் கருவியையும் நிறுத்தச் சொன்னார். மிச்சமிருக்கிற முப்பத்தெட்டு அப்படியே இருக்கட்டும் என்றார். நஞ்சுண்டன் சுக்கானைக் கையில் பிடித்தார். கருவி பிடித்தபோது அவருக்குத் தெரியாத ஒன்று இப்போது தெரிந்தது. காற்று கொஞ்சம் கூடினால் சுக்கான் உள்ளங்கையில் மெல்ல இறுகியது, குறைந்தால் தளர்ந்தது. எரிகிற உள்ளங்கைக்கு அது இன்னும் நன்றாகத் தெரிந்தது.

வெயில் ஏறியது. மதியம் ஜெசிந்தா இடது கையால் ஒரு மணி நேரம் சுக்கான் பிடித்தார். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு பிடித்தார். நஞ்சுண்டன் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு அதைப் பார்த்தார். பார்க்கப் பொறுக்காமல் எழுந்து வந்து வாங்கிக்கொண்டார்.

"தூங்கலியா?"

"தூங்கிட்டனுங்க."

நாலரை மணிக்கு அடிவானத்தில் கடல் நிறம் மாறியது. வெளிர் நீலத்துக்கு நடுவில் கருப்பாக ஒரு கோடு. ஜெசிந்தா தலையை உயர்த்திப் பார்த்தார்.

"அதாங்களா அம்மிணி?"

"அதான்."

அந்தக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. இவர்கள் அதை நோக்கி நகர்ந்தார்கள், அது குறுக்கே மேற்கே போய்க்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் நஞ்சுண்டன் மூச்சுவிட்டாரா என்பதே சந்தேகம். ஐந்தேகாலுக்கு முதல் காற்று கன்னத்தில் பட்டது. பாய் பட்டென்று புடைத்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, எழுந்து, ஓடத் தொடங்கியது.

பட்டையின் வால் அது. கால் மணி தாமதித்திருந்தால் அந்த வாலும் போயிருக்கும்.

நான்கு மைல். நஞ்சுண்டன் சுக்கானை இடுப்பால் அணைத்துக்கொண்டு சுழலியைக் கையில் எடுத்தார்.

"போடட்டுங்களா?"

"பொறுங்க."

நாலரை. ஐந்து.

"இப்பங்க?"

"படகு இன்னும் எழுந்திருக்கல. ஓடட்டும்."

ஐந்தரை. அலையின் முதுகில் படகு ஏறி வழுக்கியது. இருபுறமும் நுரை பிய்த்துக்கொண்டு போனது.

"அம்மிணி?"

பதில் இல்லை. திரும்பிப் பார்த்தார். ஜெசிந்தா கண்ணை மூடியிருந்தார். காலையில் போட்ட வலி மாத்திரையோ, இரண்டு நாள் தூங்காததோ, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

நஞ்சுண்டன் எழுப்பவில்லை. அளவுமானியையும் பார்க்கவில்லை. சுக்கானில் கையை வைத்துக் காத்திருந்தார். காற்று வலுத்தது. சுக்கான் ஒரு முறை துடித்தது, அப்புறம் நிதானமாக, கனமாக, விடாமல் அழுத்தியது. படகு தன் முழு வேகத்தில் இருந்தது. வேகம் ஆறேமுக்கால் என்று அப்புறம்தான் பார்த்தார்.

சுழலியைக் கடலில் விட்டார்.

கயிறு நீண்டது, இறுகியது, முனகத் தொடங்கியது. டைனமோ விழித்துக்கொண்டது. ஆறு ஆம்பியர். ஒன்பது. பதினொன்று. படகின் வேகம் ஆறரைக்கு வந்து அங்கேயே நின்றது. இந்த ஓட்டத்தில் பின்னால் ஒருத்தர் தொற்றிக்கொண்டு வருவது படகுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

"பதினொண்ணுங்க!" என்று அவர் கத்தினார். "பதினொண்ணுங்க அம்மிணி!"

ஜெசிந்தா ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"மாப்பிள்ளை சாப்பிட வந்தாச்சா?"

"வந்தாச்சுங்க!" நஞ்சுண்டன் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். உப்புத்தண்ணீர் பட்டது என்று சொல்லிக்கொள்ள வசதியாக அப்போது ஓர் அலையும் தெறித்தது.

சுக்கான் கருவியைப் போட்டார். அது பிடித்துக்கொண்டது. குருவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தார், தானும் குடித்தார், அப்படியே பலகையில் சரிந்து ஆறு மணி நேரம் தூங்கினார். படகு அவர்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு தானே ஓடியது.

அடுத்த மூன்று நாள் அந்தக் காற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஜெசிந்தாவுக்குக் காய்ச்சல் வந்தது. பெரும்பாலும் கீழே படுத்திருந்தார். நஞ்சுண்டன் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. காற்று தளர்ந்தால் மாப்பிள்ளையை மேலே ஏற்றினார். வலுத்தால் இறக்கினார். ஏற்றும்போதெல்லாம் முனையைக் கடலில் போட்டு முறுக்கை அவிழ்த்துவிட்டு எடுத்தார். மூன்று நாளில் பதினோரு தரம். பதினோராவது தரம் பேசிக்கொண்டே செய்தார், தனக்குத்தானே.

பதினான்காம் நாள் மதியம் பேட்டரி நிரம்பியது. காற்று நன்றாக அடித்தது. படகு ஏழு மைல் ஓடியது. அந்த ஓட்டத்தில் சுழலியைப் போட்டால் பன்னிரண்டு ஆம்பியர் கொட்டும். நஞ்சுண்டன் அதைப் போடவில்லை. படகின் பின்னால் வந்து நின்றார். வெள்ளை நுரையாகப் பாதை போட்டுக்கொண்டு தண்ணீர் ஓடிப் போனது. அவர் வேடிக்கை பார்த்தார்.

கீழேயிருந்து குரல் வந்தது. "அண்ணாச்சி, டைனமோ சத்தம் கேக்கலியே?"

"வேண்டாமுங்க. போகட்டுமுங்க."



பதினைந்தாம் நாள் காலை மாஹே தீவின் மலை தெரிந்தது. டாக்டர் சொன்ன ஏழு நாளில் இது ஆறாவது. நஞ்சுண்டன் முன்பாயைச் சுருட்டி, பெரிய பாயை மட்டும் வைத்து, இன்ஜின் இல்லாமலே துறைமுகத்துக்குள் படகைக் கொண்டுவந்து, கரையில் நின்றவன் கையில் கயிற்றைக் கொடுத்தார். கரையில் நின்றவன் அவன் மொழியில் ஏதோ பாராட்டினான். இவர் தன் மொழியில் நன்றி சொன்னார்.

அன்று சாயங்காலமே எலும்பைச் சேர்த்துவிட்டார்கள். மறுநாள் நஞ்சுண்டன் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஜெசிந்தா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கையில் வெள்ளையாக மாவுக்கட்டு. கட்டுக்கு வெளியே தெரிந்த ஐந்து விரல்களையும் அவர் முன்னால் ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினார். பெருவிரல் கொஞ்சம் மெதுவாக மடங்கியது. ஆனால் மடங்கியது.

நஞ்சுண்டன் அந்த விரல்களைப் பார்த்துக் கும்பிட்டார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"கயிறு பிடிக்குமுங்களா?"

"பிடிக்குமாம். மூணு மாசம் சும்மா வச்சிருக்கணுமாம்."

"மூணு மாசமுங்களா?" நஞ்சுண்டன் யோசித்தார். "அதுக்குள்ள ஊர்ப்பக்கம் தென்மேற்குக் காத்து முத்திப்போயிருமுங்களே. அடுத்த மாசமே படகு திரும்பக் கிளம்பியாகோணும். யாருங்க கொண்டு போறது?"

"நீங்கதான்."

"நீங்க?"

"நான் விமானத்துல போறேன்."

நஞ்சுண்டன் சிரித்தார். குரு சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினார். நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

"நீங்க கூட இல்லாம நான் எப்படிங்க அம்மிணி ஓட்டறது?"

ஜெசிந்தா மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"நான் இல்லாட்டி படகு இன்னும் கொஞ்சம் வேகமா ஓடும், அண்ணாச்சி."